மல்லாட்டைக் கிடங்கில் ஒரு விமானம்

எனக்கு வயது எண்பத்து நான்கு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள்; மூன்று பேர் சொந்தத்தில் தாயை இழந்து என்னிடம் வந்தவர்கள். நான் எண்ணும்போது ஏழு என்றுதான் எண்ணுவேன். பிரித்துக் கேட்கிறவர்களுக்காக இங்கே பிரித்துச் சொன்னேன். என் படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் நடத்திய மல்லாட்டை மண்டியைப் பற்றிச் சொன்னேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மண்டிக்குப் பின்னால் நீளமாக ஒரு கிடங்கு உண்டு. பாகிஸ்தான் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் அந்தக் கிடங்கில் மல்லாட்டை மூட்டைக்குப் பதிலாக ஒரு விமானம் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துப் போரில் இருந்த விமானம். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தகட்டில் தெரிந்த முகம்

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம். காலை நேரம். மதராஸிலிருந்து விமானப்படை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். மரப்பெட்டி மேல் ஏறி நின்று விமானத்தின் பின் சீட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அங்கே ஒரு பித்தளைத் தகடு. அதன் மேல் சந்தனமும் குங்குமமும். கைக்குட்டையால் துடைத்தார்.

"இதுல நம்பர் எங்கே?" என்றார்.

"அந்தத் தகட்டுலதான் சார்" என்றார் என் அண்ணன்.

"தகடு இருக்கு. நம்பர் இல்லையே."

அண்ணன் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தகடு குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று இருந்தது. அதிகாரியின் மூக்கும் கண்ணும் அதில் தெரிந்தன. எழுத்து என்று ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்த மிட்டாதாரம்மாதான் வாயைத் திறந்தார். விமானம் அவர் வீட்டுடையது.

"நல்லாப் பாருங்க தம்பி. போன வாரம்தான் நான் தேய்ச்சேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என் கையாலயே புளி போட்டுத் தேய்ப்பேன். வேலைக்காரிகிட்டகூட விட மாட்டேன்."

அந்த அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

வெளியே டீக்கடையில் திண்டிவனத்துப் பழைய இரும்புக்காரர் விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருந்தார். விமானப்படை எடுத்துக்கொண்டால் இந்த விமானம் வடக்கே ஓர் இடத்தில் கூரைக்கடியில் பத்திரமாக நிற்கும். எடுக்காவிட்டால் அன்றைக்கே அவருடைய லாரியில் ஏறும். மரம் அடுப்புக்கு, இரும்பு உருக்குவதற்கு. மிட்டாதார் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் பேசி முடித்திருந்தான்.

கோயில் வாகனம் என்று நினைத்தார்கள்

இந்த மிட்டாதார் வீடு தளவானூர் போகிற வழியில் இருந்தது. மிட்டாதார் என்றால் சின்ன ஜமீன்தார் மாதிரி. வெள்ளைக்காரன் போரை முடித்துவிட்டுப் போகும்போது வேண்டாத சாமானை எல்லாம் ஏலம் விட்டான். ஜீப், கூடாரம், பூட்ஸ் என்று அவரவர் வாங்கினார்கள். மிட்டாதார் விமானம் வாங்கினார்.

பெரிய விமானம் இல்லை. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். போருக்குப் போகிற பிள்ளைகள் ஓட்டப் பழகியது இதில்தான். இரும்புக் குழாயில் கூடு, மரத்தில் இறக்கை, மேலே துணி. ஆமாம், துணிதான். நானும் நம்பவில்லை, தொட்டுப் பார்க்கிற வரைக்கும்.

யாரோ ஓர் ஆளைப் பிடித்து வந்து, வற்றிய ஏரியில் இறக்கினாராம். அந்த ஆளிடமே பழகிக்கொண்டு சில தடவை தானே ஓட்டிப் பார்த்தாராம். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. விமானத்தை வண்டிக் கொட்டகையில் மாடுகளோடு கட்டினார்கள். மிட்டாதாரும் காலமானார். அது அங்கேயே இருந்தது.

என் அண்ணன் பெயர் கோவிந்தன். போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர். ஓட்டியவர் இல்லை, விமானத்தின் கூட்டையும் துணியையும் பழுது பார்த்தவர். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அவருக்குப் பெயர் பிளேன் கோவிந்தன். பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூட, "அண்ணே, ஒட்டினப்புறம் பறக்குமா?" என்று கேட்பான். இவர் தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கிக்கொண்டிருப்பார்.

மிட்டாதார் வீட்டு விமானத்தை இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர், அன்றைக்கு இலை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா?" என்றேன்.

"பாப்பா, நான் வேலை பார்த்த எடத்துல இந்த மாதிரி பிளேன்தான். மீசை முளைக்காத பசங்க வந்து பழகுவாங்க. பழகிட்டு பெரிய பிளேனுக்குப் போவாங்க. பாதிப் பேர் திரும்பி வரல. அவங்க உக்காந்த சீட்டு அது. அதை உருக்கி ஆணி அடிக்கிறதா?"

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

பழைய விமானங்களைச் சேர்த்து வைக்க விமானப்படை ஆட்களைத் தேடுகிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். "ஒழுங்கான உருவத்தில் இருந்தால் வந்து பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. ஒழுங்கான உருவம் கொடுக்க இடம் வேண்டும். அதற்குத்தான் எங்கள் கிடங்கு.

என் வீட்டுக்காரர் யோசித்துத்தான் சம்மதித்தார். "கார்த்திகை வரைக்கும் கிடங்கு உனக்கு மச்சான். மொத மூட்டை வந்த அன்னிக்கு உன் பிளேன் வெளியில நிக்கணும். பறந்து போனாலும் சரி, தள்ளிக்கினு போனாலும் சரி."

இறக்கைகளைக் கழற்றி மாட்டுவண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அண்ணன் பார்த்த நாள் சரியில்லை. அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லாமல் நின்றது. வண்டியில் இறக்கையைப் பார்த்ததும் ஒரு கிழவி குறுக்கே வந்துவிட்டாள்.

"எந்தக் கோயில் வாகனம்யா இது? கருடனா?"

"பிளேன்மா."

"மூக்கு எங்க?"

"முன் வண்டியில போயிருச்சு."

பதில் என்று ஒன்று வந்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து வண்டிச் சட்டத்தில் வைத்துக் கொளுத்திவிட்டாள். அண்ணன் பாய்ந்து வந்து கையாலேயே அடித்து அணைத்தார். "பழைய துணி ஆயா, பத்திக்கும்!"

"பாத்தியா, சாமிக்கு முந்தி பூசாரிக்குக் கோவம் வருது" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஊசி வரும் பக்கம்

பழைய துணி தொட்டால் உதிர்ந்தது. அதை எல்லாம் உரித்து எடுத்தோம். உள்ளே மரச்சட்டங்கள், முறத்தின் விளிம்பு மாதிரி மெல்லியவை. கரையான் தின்றதை அண்ணன் மாற்றினார். அது அவருடைய வேலை. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

துணி என்னுடைய வேலை. மண்டியில் மூட்டை தைப்பவள் நான்தான். முதலாளி பெண்டாட்டி கோணி ஊசி பிடிக்கலாமா என்று மாமியார் வீட்டில் பேசினார்கள்; நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் தைத்த மூட்டையிலிருந்து ஒரு மல்லாட்டை கீழே விழுந்ததாக யாரும் சொன்னதில்லை.

இறக்கைக்குத் துணி போடுவது தலையணைக்கு உறை போடுகிற மாதிரிதான். ஒரு பக்கம் வாய் திறந்த பெரிய உறையைத் தைத்து, இறக்கையை அதற்குள் நுழைத்து, வாயை மூட வேண்டும். அதோடு முடியாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு சட்டத்தோடும் துணியைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கமிருந்து நீள ஊசியைக் குத்தினால் அந்தப் பக்கம் வரும். அங்கே ஓர் ஆள் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை.

மண்டிக்குப் பக்கத்தில் மெத்தைக் கடை. கடைக்கார பாயின் மனைவி ரமீஜா. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. மெத்தைக்குப் போடுகிற நல்ல தையல் எல்லாம் அவள் கையால் போட்டது. கடையில் உட்கார்ந்திருப்பது பாய். அவள் கடைத்தெருவுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. மெத்தை ஊசியோடு கொல்லைக் கதவு வழியாக வருவாள். இறக்கைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்க்கவில்லை. பார்த்தது ஊசியைத்தான்.

"தனம், ஊசி வருது. கண்ணைப் பாத்துக்க."

"வரட்டும்."

"நேத்து உன் வூட்டுல கருவாடா?"

"உன் மூக்கை மிலிட்டரியில கேக்குறாங்களாம்."

"எனக்கு எடுத்து வெச்சியா, அதைச் சொல்லு."

"நீ பிரியாணி எடுத்து வெச்ச அன்னிக்கு வெப்பேன்."

"நோன்பு வரட்டும். வயித்தைக் காலியா வெச்சிக்க."

ஒவ்வொரு தையலுக்கும் அண்ணன் சொன்ன முடிச்சைத்தான் போட வேண்டும். விமானப்படை முடிச்சு. அவர் வந்து விரலால் தடவிப் பார்ப்பார். அவரும் ரமீஜாவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும்.

"பாப்பா, இந்த வரிசை சரியில்ல. பிரி."

அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "உங்க அண்ணன் பட்டாளத்துல முடிச்சு போட்டாரா, பிரிச்சாரான்னு கேளு."

"மேல போறவன் கீழ விழாம இருக்கிறது இந்த முடிச்சாலதான்னு சொல்லு, பாப்பா."

"இது மேல போவப்போவுதான்னு கேளு."

"போவாதுன்னு சொல்லு."

"அப்ப இன்னாத்துக்குப் பிரிக்கணும்னு கேளு."

அண்ணன் அந்த வரிசையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "பிரின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் பிரித்தோம். நடுவில் நான் எதையும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வாலை ஆடு தின்றது

துணி போட்டபின் அதை இறுக்க ஒரு பூச்சு இருக்கிறது. டின்னில் வரும். அழுகின வாழைப்பழ வாசனை, முகர்ந்தால் தலை சுற்றும். பூசிக் காய்ந்ததும் துணி அப்படியே விறைத்துக்கொள்ளும். தட்டினால் பம்பை மேளம் மாதிரிச் சத்தம் வரும். இறக்கைகளுக்குப் பூசியதோடு டின் தீர்ந்துவிட்டது; மதராஸிலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய அடுத்த டின் வாரக்கணக்கில் வரவில்லை. வால் பகுதி மட்டும் துணியோடு தொளதொளவென்று கிடந்தது.

"துணி விறைக்கணும், அவ்ளோதானே? கஞ்சி போடு" என்றாள் ரமீஜா.

வேட்டிக்குப் போட்டால் நிற்கிறது, வாலுக்கு நிற்காதா என்று எனக்கும் பட்டது. அண்ணன் கடையில் இருந்தார். வடித்த கஞ்சியைக் கெட்டியாகப் பூசிக் கொல்லையில் வெயிலில் வைத்தோம். காய்ந்து நன்றாகத்தான் இறுகியது. தட்டிப் பார்த்தோம், சத்தம்கூட வந்தது. சந்தோஷமாக உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதி வால் இல்லை. ரமீஜாவின் வெள்ளாடு மீதிப் பாதியை மென்றுகொண்டிருந்தது.

யோசனையும் அவளுடையது, ஆடும் அவளுடையது. அண்ணன் வந்து பார்த்தார். "சண்டையில குண்டு பட்டுத்தான் வால் போவும். ஆடு தின்னு போனதை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது. டின் வந்ததும் வாலுக்குப் புதுத் துணி தைத்துப் பூசினோம். பக்ரீத்துக்கு அந்த ஆட்டுக் கறி எங்களுக்கும் வந்தது. விமானம் தின்ற கறி என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மிட்டாதாரம்மா

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விமானம் வாங்கியபோது மிட்டாதாரைப் பைத்தியம் என்று அவருடைய பங்காளிகள் எல்லாரும் பேசினார்களாம். ஒருநாள் அவர் பெண்டாட்டியை முன் சீட்டில் ஏற்றிக் கோட்டை மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "ராஜா கோட்டை ஏதோ கவுத்து வெச்ச சொம்பு மாதிரி இருந்துச்சு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "கீழ எல்லாரும் எறும்பா இருந்தாங்க. பங்காளிங்களும் எறும்புதான்."

மிட்டாதார் போன பிறகு ஆயுத பூஜைக்கு வீட்டில் எல்லாரும் ஏர், வண்டி, அரிவாள் என்று கழுவிப் பொட்டு வைப்பார்கள். இந்த அம்மா புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு தனியாக வண்டிக் கொட்டகைக்குப் போவார். விமானத்தில் விளக்குப் போலத் தேய்க்க அந்தத் தகடு ஒன்றுதான் இருந்தது. அதை உட்கார்ந்து தேய்ப்பார். விமானம் எங்கள் கிடங்குக்கு வந்த வருஷமும் ஒற்றை மாட்டு வண்டியில் வந்து தேய்த்துவிட்டுத்தான் போனார். நான்தான் புளி கரைத்துக் கொடுத்தேன்.

அண்ணன் அந்தத் தகட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எப்போதும் மேலே சந்தனம் அப்பியிருக்கும். தகடு இருக்கிறது, அதனால் நம்பரும் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

உறையின் வாய்

தகட்டில் நம்பர் இல்லாத அந்தக் காலைக்கு வருகிறேன். அதிகாரி மரப்பெட்டியிலிருந்து இறங்கினார். கோபமாகப் பேசவில்லை. "நம்பர் இருந்தாத்தான் இது எந்த ஊர்ல இருந்துச்சு, யார் இதுல பழகினாங்கன்னு எடுக்க முடியும். இதே மாதிரி வேற ரெண்டு ஏற்கெனவே எங்ககிட்ட நிக்குது. பேர் தெரியாத மூணாவது வேணாம்னு மேல சொல்லிடுவாங்க" என்றார்.

"எஞ்சின்ல இருக்குமே சார்" என்றார் அண்ணன்.

"எஞ்சினை மாத்தி மாத்திப் பூட்டுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ரெக்கைக்குள்ள, மரத்துல எழுதியிருப்பாங்களே?"

"இருக்குது சார். கீழ் ரெக்கை ரெண்டுலயும். துணி போடுறதுக்கு முந்தி பார்த்தேன். தகடு இருக்குதேன்னு அதை ஞாபகம் வெச்சிக்கல."

கிடங்கு குறுகலானது. இறக்கைகளைப் பூட்ட இடமில்லாமல் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தோம். அதிகாரி ஓர் இறக்கையின் அருகே போய்த் தட்டிப் பார்த்தார். பம்பைச் சத்தம் வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து விரித்தார்.

"கையளவு வெட்டினாப் போதும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். சித்திரையிலிருந்து பிரி, பிரி என்று சொன்ன மனிதர், அன்றைக்கு அதை எனக்கு விட்டுவிட்டார்.

"கத்தியை மடிச்சு வெச்சிக்கங்க" என்றேன். "வெட்டின துணி வெட்டினதுதான். தையல்னா பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கலாம்."

"நேரமாகுமேம்மா."

"ஆவும். உக்காருங்க."

உறையின் வாயில் தையல் மேல் ஒட்டியிருந்த துணிப் பட்டையை உரித்தேன். பூச்சுக் காய்ந்து கல்லாக இருந்தது, நகம் பிய்ந்தது. வாயைப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு சட்டத்துத் தையலையும் அறுத்து எடுத்தேன். பின்னாலிருந்து மிட்டாதாரம்மா வந்து நின்றார்.

"நான்தானே அழிச்சுட்டேன், தனம்?"

டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன். "உள்ள அடிச்சுப் பிடிங்கம்மா" என்றேன். வெளிச்சம் ஆடாமல் பிடித்தார்.

அதிகாரி தோள் வரைக்கும் இறக்கைக்குள் போனார். வெளியே அவருடைய முதுகும் கால்சட்டையும் பூட்ஸும் மட்டும்தான். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளேயிருந்து இங்கிலீஷில் ஏதோ எழுத்தும் எண்ணும் படிக்கிற சத்தம் வந்தது.

"இருக்கு" என்றார் வெளியே வந்து. "ஆனா ஒரு ரெக்கையை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. வேற பிளேன் ரெக்கையை மாட்டியிருக்கலாம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

அடுத்ததையும் பிரித்தேன்.

அதற்குள் பழைய இரும்புக்காரர் டீக்கடையிலிருந்து எழுந்து கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார். "இன்னா சார், லாரியைப் பின்னால எடுக்கச் சொல்லட்டா? எனக்கும் பொழப்பு இருக்குதில்ல?"

இரண்டாவது இறக்கைக்குள் அதிகாரி அதிக நேரம் இருந்தார். வெளியே வந்தபோது தலைமுடியில் மரத்தூள்.

"கடைசி எழுத்தைக் கரையான் தின்னிருக்கு" என்றார்.

அண்ணன் திரும்பவில்லை.

"மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கு" என்றார் அதிகாரி. தலையைத் தட்டிக்கொண்டார். இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "போதும். எடுத்துக்கறோம்."

மிட்டாதாரம்மா டார்ச்சை அணைக்காமலே வாசல் பக்கம் திரும்பினார். வெளிச்சம் இரும்புக்காரர் முகத்தில் விழுந்தது. "போய்யா" என்றார்.

தெரிஞ்சவங்க

விமானப்படை லாரி கூடவே வந்திருந்தது. இறக்கைகளை அப்படியே ஏற்றிவிடலாம், அங்கே தைத்துக்கொள்வார்கள் என்றார் அதிகாரி. வாய் திறந்த உறையை நான் அனுப்ப மாட்டேன் என்றேன். அண்ணன் அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சட்டத்துத் தையல் ஒருத்தியால் ஆகாது என்று முன்பே சொன்னேன். கொல்லைக் கதவைத் தட்டினேன்.

"எத்தினி ஆம்பளைங்க?" என்றாள் ரமீஜா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"நெறைய. நடுவுல ரெக்கை இருக்குது."

"அவரு?"

பாய் வாசலில் நின்றிருந்தார். லாரியில் விமானம் அடிபடாமல் இருக்க மெத்தைகள் கொண்டுவந்திருந்தார். நான் கொல்லைப் பக்கம் போனதையும் வந்ததையும் பார்த்தார். தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மெத்தைக் கட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்த்த கயிற்றையே மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

ரமீஜா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரமாக வந்து இறக்கைக்குப் பின்னால் நின்றாள். நான் ஊசியைக் குத்தினேன். அது உள்ளே போய்த் திரும்பி வந்தது.

அதிகாரி டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "அந்தப் பக்கம் யாரும்மா?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களாம்!" என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. "பட்டாளத்து ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லு தனம். வெளிச்சத்தை மறைக்கிறாங்க."

நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் தள்ளி நின்றார்கள்.

அண்ணன் வந்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிரி என்று சொல்வார் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். "சரியா இருக்குதுன்னு சொல்லு, பாப்பா" என்றார்.

"இப்பவாவது கண்ணு தெரிஞ்சுதான்னு கேளு" என்றாள் அவள்.

டின்னில் அடியில் ஒட்டியிருந்த பூச்சைச் சுரண்டிப் பூசினோம். அது காய்கிற வரைக்கும் அதிகாரி காத்திருந்தார். விமானம் நிற்கிற இடத்தில் ஒரு பலகை வைப்பார்களாம். இன்னார் பழுது பார்த்தது என்று அதில் போட முயற்சி செய்கிறேன், பெயர்களைச் சொல்லுங்கள் என்றார்.

"கோவிந்தன். தனம்" என்றார் அண்ணன். பிறகு இறக்கையைப் பார்த்தார்.

"என் பேரு வேணாம்னு சொல்லு" என்று குரல் வந்தது. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எழுதினா இந்தக் கடைத்தெரு பூரா என் பேரைத் தூக்கிக்கினு சுத்தும். நான் போனப்புறம் நீ வேணா ஊருக்கெல்லாம் சொல்லிக்க."

லாரியில் மெத்தைகளுக்கு நடுவே இறக்கைகளைச் செருகினார்கள். அண்ணன் திண்டிவனம் வரைக்கும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்து, மறுநாள் காலை கடையைத் திறந்தார். முதலில் வந்தவன் கேட்டானாம், "இன்னா பிளேன் கோவிந்தண்ணே, பறந்துச்சா?"

"இல்ல. இருக்குது" என்றாராம் அண்ணன்.

அவர் கடைசி வரைக்கும் வடக்கே போய் அதைப் பார்க்கவில்லை. கூப்பிட்ட பிள்ளைகளிடம், "அங்க நிக்குது, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். என் இரண்டாவது மகன் வேலை விஷயமாகப் போனபோது பார்த்துவிட்டு வந்தான். கூரைக்கடியில் நன்றாக நிற்கிறதாம். பலகை இருக்கிறதாம். அதில் விமானத்தின் நம்பரும், எந்த ஊரில் இருந்தது என்பதும் எழுதியிருக்கிறதாம். பெயர் எதுவும் இல்லையாம். கோவிந்தனும் இல்லை, தனமும் இல்லை.

ரமீஜாவிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு அப்போதே கண் மங்கிவிட்டது. "நல்லதாப் போச்சு. என்னை மட்டும் வுட்டுட்டாங்கன்னு நான் மனசுக்குள்ள வெச்சிக்கினு இருந்தேன்" என்று சிரித்தாள்.

போன நோன்புக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அவள் கொடுத்த அனுமதி அதற்கப்புறம்தான் செல்லும் என்பதால் இத்தனை வருஷம் இதை நான் வெளியில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

எழுதிட்டியா கண்ணு? ரமீஜா, மெத்தைக்கடை பாய் வூடு, செஞ்சி. அதையும் போட்டியா? எங்க, மொதல்லேர்ந்து படி கேப்போம். அவசரம் இல்ல, மெதுவாப் படி. அவ பேர் வர்ற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமாப் படி.